விறாந்தை அறையாகும்போது

திருகோணமலை அன்புவழிபுரத்து ஒழுங்கைகளில் நடந்து போகிறவர் ஒரு குடும்பத்தின் வயதை அதன் விறாந்தையைப் பார்த்தே சொல்லிவிடலாம். புதிதாகக் கல்யாணம் முடித்தவர்களின் வீட்டில் விறாந்தை திறந்து கிடக்கும். நாலு தூண், மேலே சீற், ஓரத்தில் செருப்புகள், சாத்தி வைத்த சைக்கிள். பிள்ளைகள் வளர்ந்த வீட்டில் தூண்களுக்கு இடையே முழங்கால் உயரத்துக்குக் குந்து எழும்பி, அதன்மேல் இரும்புக் கிறிலும் வந்திருக்கும். மகள் கல்யாணம் முடித்த வீட்டிலோ கிறில் இருந்த இடத்தில் கல் வைத்துப் பூசி, ஒரு யன்னலும் புகுந்திருக்கும். உள்ளே ஒரு கட்டில் கிடக்கும். அந்தக் கட்டிலில் படுக்கிறவர் யார் என்பதைப் பற்றித்தான் நான் எழுத நினைக்கிறேன்.

துறைமுகத்திலும் கடைத்தெருவிலும் கந்தோர்களிலும் வேலை பார்த்துவிட்டு மாலையில் திரும்புகிறவர்களின் ஊர் இது. காணிகள் பெரியவை அல்ல. பின்னால் கிணறும் மலகூடமும் குசினிக் கோடியும் இடத்தைப் பிடித்துவிட்டன. பக்கங்களில் மதில். மாடி கட்டும் வசதி எல்லோருக்கும் இல்லை. வீடு வளர வேண்டுமானால் முன்னால்தான் வளர வேண்டும். ஏற்கனவே கூரை இருக்கிறது, நிலம் இருக்கிறது, ஒரு பக்கம் வீட்டுச் சுவரே இருக்கிறது. மிச்சம் மூன்று பக்கத்தை அடைத்தால் ஒரு அறை. இருக்கிற காசுக்குள் கிடைக்கக்கூடிய ஒரே அறை பல குடும்பங்களுக்கு அதுதான்.

அந்த அறை ஏன் தேவைப்படுகிறது என்பதற்குக் கிழக்கிலங்கையின் குடும்ப அமைப்பில் விடை இருக்கிறது. இங்கே வீடு பெண்ணோடு போகும். மகளுக்குக் கல்யாணம் என்றால் இருக்கிற வீட்டையோ, வளவுக்குள் இன்னொன்றைக் கட்டியோ அவளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுப்பார்கள். மாப்பிள்ளை அங்கே வந்து குடியேறுவார். அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே அக்கரைப்பற்றில் தங்கி ஆய்ந்து 2008 இல் வெளியிட்ட நூலில் இந்த வழக்கத்தை விரிவாகப் பதிந்திருக்கிறார். பெரிய வீட்டை மகளுக்கு விட்டுவிட்டுப் பெற்றோர் பக்கத்தில் சிறிதாக ஒன்றுக்கு ஒதுங்குவதும் அந்த வழக்கத்தின் பகுதி. திருகோணமலையில் எல்லாக் குடும்பமும் ஒரே மாதிரி இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து உத்தியோகத்துக்கு வந்தவர்களும் மலையகத்திலிருந்து வந்தவர்களும் கலந்து வாழும் நகரம் இது. ஆனாலும் காணி சுருங்கிவிட்ட இந்தக் காலத்தில் ஒதுங்குவதற்குத் தனி வீடு இல்லாதபோது, தாயும் தகப்பனும் ஒதுங்கும் இடம் விறாந்தையாகிறது. முதலில் ஒரு பாய். பிறகு கட்டில். மாரி வந்ததும் தூவானத்துக்கு ஒரு படங்கு. அடுத்த மாரிக்கு முன்னால் சுவர்.

இன்னொரு காரணம் நாற்பது வருடத்துச் சரித்திரம். 1983 யூலையில் இந்த நகரத்தில் வீடுகள் எரிந்தன. 1990 இல் எத்தனையோ குடும்பங்கள் வீடுகளைப் போட்டது போட்டபடி விட்டு ஓடின. 2006 ஏப்ரலில் சந்தைக் குண்டுவெடிப்பைத் தொடர்ந்து மூண்ட வன்முறையில் மறுபடியும் கடைகளும் வீடுகளும் எரிந்தன. அந்த வருடங்களில் பொழுதுபட்டபின் விறாந்தையில் வெளிச்சம் போட்டு இருந்தவர்கள் குறைவு. கதவுக்கு முன்னால் இன்னொரு கதவு வேண்டும் என்று தோன்றிய காலம் அது. கிறில்கள் அநேகமாக அப்போதுதான் வந்தன. படங்குக்குக் கீழும் பள்ளிக்கூட விறாந்தைகளிலும் மாதக்கணக்காகப் படுத்து எழும்பிய ஒருவருக்கு நாலு சுவரும் உள்ளிருந்து பூட்டுகிற கதவும் என்ன மதிப்பு என்று யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

மீளக் கட்டப்பட்ட வீடுகளும் அளவானவை. உலக வங்கியின் நிதியில் நடந்த வடக்கு கிழக்கு வீடமைப்புத் திட்டத்தின் வீடு 500 சதுர அடி. 2012 இல் தொடங்கிய இந்திய வீடமைப்புத் திட்டத்தில் 550 சதுர அடி. அதற்கு உதவித்தொகை ஐந்தரை இலட்சம் ரூபாய். அந்தக் காசில் அவ்வளவுதான் முடியும். அந்த வீடுகள் பல்லாயிரம் குடும்பங்களைக் குடிசையிலிருந்து காப்பாற்றின. ஆனால் 550 சதுர அடியில் இரண்டு அறை, ஹோல், குசினி என்று பிரித்த பிறகு மூன்று தலைமுறைக்கு இடம் எங்கே? வரைபடத்தில் இல்லாத மூன்றாவது தலைமுறை முன்பக்கமாக ஒரு இறக்குக் கூரையின் கீழ் வந்து சேர்கிறது.

ஆகவே திண்ணை போயிற்று, விறாந்தை போயிற்று, மனிதர் மனிதரோடு பேசுவது போயிற்று என்று ஏங்கி எழுதும் கட்டுரைகளோடு எனக்குப் பாதி உடன்பாடுதான். அந்த ஏக்கம் உண்மையானது. விறாந்தையில் என்னென்ன நடந்தன என்பது எனக்கும் தெரியும். சுளகில் அரிசி புடைத்தது, பிள்ளைகளுக்கு ரியூசன் சொல்லிக்கொடுத்தது, வட்டிக்காரர் வந்து இருந்தது, கல்யாணம் பேச வந்தவர்கள் முதலில் செருப்பைக் கழற்றியது, செத்த வீட்டில் ஆண்கள் விடிய விடிய இருந்தது எல்லாம் அங்கேதான். வீட்டுக்குள் வரலாமா கூடாதா என்று தீர்மானிக்காமலேயே ஒருவரை உபசரிக்க முடிந்த இடம் அது. ஆனால் வீட்டுக்குள் தனக்கென்று ஓர் அறை உள்ளவர்தான் அந்த ஏக்கத்தை எழுதுகிறார். கட்டிலை இழுத்துப் போட்டுத் தூவானத்துக்குத் தப்பிய கிழவியிடம் போய் உங்கள் விறாந்தையைத் திறந்தே வையுங்கள் என்று சொல்ல என்னால் முடியாது.

இந்த இடத்தில் திருக்கோவலூர் இடைகழிக் கதை நினைவுக்கு வருகிறது. மழை இரவில் பொய்கையாழ்வார் ஒரு சிறிய இடைகழியில் படுத்திருக்கிறார். பூதத்தாழ்வார் வந்ததும் இருவரும் எழுந்து இருக்கிறார்கள். பேயாழ்வார் வந்ததும் மூவரும் நிற்கிறார்கள். பிறகு நாலாவதாகத் திருமாலே வந்து நெருக்குகிறார். இடம் சுருங்கச் சுருங்க உறவு பெருகியதாகத்தான் இதை எல்லோரும் சொல்வார்கள். கட்டிடத்தைப் பற்றி யோசிக்கிறவருக்கு அதில் இன்னொன்றும் தென்படும். அந்த இடைகழி மழைக்கு அடைத்த இடம். கதவு உள்ள இடம். அடைத்திருந்ததால்தான் அது அடைக்கலம் ஆயிற்று. தட்டியபோது திறந்ததால்தான் அங்கே நாலுபேர் சேர்ந்தார்கள். சுவர் எழுப்புவதால் மட்டும் வீடு மனிதரை இழந்துவிடுவதில்லை. சுவரில் எங்கே திறக்கிறோம், எந்த உயரத்தில் திறக்கிறோம், யாருக்காகத் திறக்கிறோம் என்பதுதான் கேள்வி.

விறாந்தை என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்று தெரியாமல் அதை அடைக்கக்கூடாது. அது சும்மா கிடந்த இடம் என்று நினைத்துக் கல் வைக்கிறவர்கள்தான் அதிகம். திருகோணமலையின் வருடம் இரண்டு காற்றுகளால் ஆனது. மாரியில் வடகிழக்கிலிருந்து வாடை வரும். வருடத்து மழையில் பாதிக்கு மேல் ஒக்டோபர், நவம்பர், டிசெம்பர் மாதங்களிலேயே பெய்து முடிந்துவிடும். அது நேராக விழும் மழை அல்ல, சாய்ந்து அடிக்கும். கோடையில் தென்மேற்குப் பருவக்காற்று மத்திய மலைகளின் அந்தப் பக்கத்தில் மழையைக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் வரண்டு சூடாக இறங்கும். அதுதான் கச்சான். வைகாசி தொடக்கம் மாதக்கணக்கில் அது அடிக்கும். உடுப்பு அரை மணியில் காயும், உதடு வெடிக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் வீட்டுச் சுவரைக் காத்துக்கொண்டு நின்றது விறாந்தை. மாரியில் தூவானம் ஹோல் யன்னலைத் தொடாமல் பார்த்தது. கோடையில் வெயில் சுவரில் படாமல் தடுத்து, அந்த நிழலில் ஆறிய காற்றை உள்ளே விட்டது.

அதை அடைத்ததும் முதலில் பாதிக்கப்படுவது புதிய அறை அல்ல, பழைய ஹோல். அதன் யன்னல்கள் இதுவரை வெளியைப் பார்த்தன. இனி இன்னோர் அறைக்குள் பார்க்கும். பகலில் லைற் போடவேண்டிய ஹோல்கள் எங்கள் ஊரில் பெருகியதற்குக் காரணம் இதுதான். இங்கே வரைபடம் கீறுகிறவர்கள் ஓர் அறையின் தரைப்பரப்பில் ஏழில் ஒரு பங்காவது வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் திறந்திருக்க வேண்டும் என்று கணக்குப் போடுவார்கள். எட்டடி அகலமும் பன்னிரண்டடி நீளமும் உள்ள விறாந்தைக்கு அந்தக் கணக்கில் ஏறத்தாழ 14 சதுர அடி திறப்பு வேண்டும். ஒரு நல்ல யன்னல் போதும் என்று மேசன் சொல்லுவார். ஆனால் அதற்குப் பின்னால் பன்னிரண்டுக்குப் பதினாலடி ஹோல் ஒன்று இருந்து, அதற்கும் வெளிச்சம் இந்த வழியாகத்தான் போகவேண்டும் என்றால் இன்னும் 24 சதுர அடி சேர்க்க வேண்டும். இரண்டும் சேர்ந்து 38. ஒரு யன்னல் அதற்குக் காணாது. முன்பக்கச் சுவரின் பெரும்பகுதி திறக்கக்கூடியதாக இருக்க வேண்டும், அல்லது ஹோலுக்கு வேறு பக்கத்தில் யன்னல் பிறக்க வேண்டும், அல்லது கூரையில் கண்ணாடி ஓடு ஏற வேண்டும். இந்தக் கணக்கைப் போடாமல் அடைத்தால் ஓர் அறைக்கு ஆசைப்பட்டு இரண்டு அறையை இருட்டாக்கியதாகத்தான் முடியும்.

கட்டிடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா இந்தச் சிக்கலைத் தன் சொந்த வீட்டில் சந்தித்தவர். கொழும்பில் 33 ஆம் ஒழுங்கையில் வரிசையாக இருந்த நாலு சிறிய வீடுகளில் ஒன்றில் 1958 இல் குடியேறினார். அடுத்த பத்து வருடத்தில் மற்ற மூன்றையும் ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்து ஒரே வீடாக்கினார். நாலு வீட்டை ஒட்டினால் நடுவில் இருக்கும் அறைகள் குகையாகும். அவர் செய்தது, அங்கங்கே கூரையை எடுத்துவிட்டுச் சின்னச் சின்ன வெளிகளை வானத்துக்குத் திறந்தது. நடைவழியில் போகிறவருக்கு எதிரே ஒரு வெளிச்சம் விழுந்துகொண்டே இருக்கும். அவருடைய வசதி எங்களிடம் இல்லை. ஆனால் அவருடைய கொள்கைக்குக் காசு தேவையில்லை: ஓரிடத்தை மூடினால் இன்னோரிடத்தைத் திற. ஒரு கண்ணாடி ஓட்டின் விலையில் அதைச் செய்யலாம்.

பெரியம்மாவின் விறாந்தையை அறையாக்கியபோது நான் பக்கத்தில் இருந்தேன். வீடு அவரின் மகளான அக்காவின் பேரில் எழுதி வருடங்கள் ஆகிவிட்டன. அக்காவின் பிள்ளைகள் பெரியவர்களாகி உள்ளறைகளைப் பிடித்துக்கொண்டார்கள். பெரியம்மா தானாகவே முன்னுக்கு வந்தார். மேசன் நூல் பிடித்து அளந்து, யன்னல் வரும் இடத்தைச் செங்கல் துண்டால் கீறினார். நிலத்திலிருந்து மூன்றடிக்கு மேலே.

பெரியம்மா சாய்மனைக் கதிரையை அந்த இடத்துக்கு இழுத்துப் போட்டு, அதில் இருந்து பார்த்தார்.

“தம்பி, இந்த உயரத்தில வச்சா நான் இதுக்குள்ள இருந்து என்னத்தைப் பார்க்கிறது? முகட்டைத்தான் பார்க்கலாம்.”

“மூண்டடிதான் அம்மா வழமை. எல்லா வீட்டிலயும் அப்பிடித்தான் வைக்கிறது.”

“எல்லா வீட்டிலயும் நான் இல்லையே. படலை தெரியவேணும். கிணத்தடி தெரியவேணும்.”

அக்காவுக்கு வேறு யோசனை. “அம்மா, பதிவா வச்சா ஒழுங்கையால போறவங்க எல்லாரும் உள்ளுக்குப் பார்ப்பாங்க.”

“பார்க்கட்டும் பிள்ளை. நான் இருக்கிறன் எண்டு தெரியட்டும்.”

யன்னல் ஒன்றரை அடிக்கு இறங்கியது. கீழ்ப்பாதிக்கு நெருக்கமான கம்பி, மேல்பாதிக்குத் திறக்கிற கதவு. செலவு கொஞ்சம் கூடியது. ஆனால் அந்த அறையை அறையாக்கியது அந்த ஒன்றரை அடிதான் என்று நான் நம்புகிறேன். கட்டிலில் படுத்திருந்தபடியே படலை தெரியும். மீன்காரர் சைக்கிளை நிறுத்தினால் உள்ளிருந்தே விலை கேட்கலாம். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் கம்பிக்குப் பக்கத்தில் வந்து ஒரு சொல் சொல்லிவிட்டுப் போகும். முதுமையில் ஒருவருக்கு உலகம் மெல்ல மெல்ல ஒரு கட்டிலின் அளவுக்குச் சுருங்குகிறது. அந்தக் கட்டிலிலிருந்து எவ்வளவு தூரம் தெரிகிறதோ அவ்வளவுதான் அவருடைய ஊர். யன்னலின் அடிப்பாகம் எந்த உயரத்தில் இருக்கிறது என்பது அவருக்கு அலங்காரம் பற்றிய விசயமே அல்ல.

பெரியம்மா பேசத் தெரிந்தவர். பேசாதவர்கள்தான் அதிகம். மகள் வீட்டில் இருக்கிறோம் என்ற கூச்சத்தில், எது வைத்தாலும் சரி பிள்ளை என்று சொல்லிவிடுவார்கள். பிறகு மூன்றடிக்கு மேல் யன்னல் வைத்த அறையில் காலையிலிருந்து மாலைவரை பூச்சுச் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார்கள். அவர்கள் கேட்கவில்லை என்பதால் தேவை இல்லை என்று எடுத்துக்கொள்வது பெரிய அநீதி. கண்டியில் வட்டபுலுவ வீடமைப்பை 1950களில் வடிவமைத்த மினெட் டி சில்வா, வரப்போகும் குடிகளிடம் வினாக்கொத்துக் கொடுத்து அவர்கள் எப்படி வாழ்கிறார்கள், என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டுத்தான் வரைபடத்தைத் தொடங்கினார். இலங்கையின் முதல் பெண் கட்டிடக் கலைஞர் பெருந்தொகைக் குடும்பங்களுக்குச் செய்ததை, ஒரு வீட்டில் ஒரே ஒருவருக்காவது செய்ய நமக்கு ஏன் மனம் வருவதில்லை?

என்ன கேட்க வேண்டும்? இரவில் எத்தனை தரம் எழும்புகிறீர்கள், மலகூடத்துக்கு எந்த வழியால் போகிறீர்கள் என்று கேட்க வேண்டும். விறாந்தை வழமையாக வீட்டுத் தரையிலிருந்து ஒரு படி இறக்கம். பகலில் கண்ணுக்குத் தெரியாத அந்த ஆறு அங்குலம், இருட்டில் எழும்பும் கால்களுக்குப் பள்ளம். விறாந்தைத் தரை தண்ணீர் ஓடுவதற்காக வெளிப்பக்கமாக வாட்டம் விட்டுப் போட்டது. அதை அப்படியே விட்டு அடைத்தால் கட்டிலும் சாயும், அலுமாரியும் சாயும். உயர்த்திச் சமப்படுத்தினால் இரண்டு குறையும் ஒருமிக்கத் தீரும். அதன்மேல் பளபளக்கும் மாபிள் பதிப்பது இப்போது நாகரிகம். ஈரக்காலோடு நடக்கும் முதியவருக்கு அதைவிடப் பழைய சொரசொரத்த சீமெந்துத் தரை எவ்வளவோ மேல். இடுப்பு முறிந்தவர் மறுபடி நடப்பது அரிது என்பது ஒவ்வொரு குடும்பத்துக்கும் தெரிந்த விசயம்.

சுவர் எழுப்பும்போது கீழே பார்க்க வேண்டும். குந்துக்குப் போட்ட அத்திவாரம் முழுச் சுவரைத் தாங்குவதற்குப் போட்டது அல்ல. அதன்மேலேயே கல் அடுக்கினால் ஓரிரு மாரியில் தூணுக்கும் சுவருக்கும் நடுவே வெடிப்பு ஓடும். அந்த வெடிப்பால் தண்ணீர் இறங்கும், சுவரில் உப்புப் பூக்கும். கடல்காற்று உள்ள ஊரில் கிறிலும் கம்பியும் கெதியில் கறள் பிடிக்கும். நுளம்பு வலை யன்னலோடு சேர்ந்தே வரவேண்டும். 2017 இல் கிண்ணியாவில் டெங்கு எத்தனை வீடுகளைக் கலக்கியது என்பதை இந்த மாவட்டம் மறந்திருக்காது.

மேலே பார்க்க வேண்டியது அதைவிட முக்கியம். எங்கள் விறாந்தைகளின் கூரை பெரும்பாலும் அஸ்பெஸ்டஸ் சீற். பெரிய வீட்டின் ஓட்டுக் கூரைக்குக் கீழே செருகி, முன்பக்கம் இறக்கி, ஏழடிக்குக் கொஞ்சம் மேலே கொண்டுவந்து நிறுத்தியிருப்பார்கள். திறந்த விறாந்தையில் அதன் சூடு காற்றோடு போய்விடும். அடைத்த அறையில் அது கட்டிலில் படுத்திருப்பவரின் நெற்றியில் இறங்கும். சூடாவது தெரியும்; தூசி தெரியாது. எல்லா வகை அஸ்பெஸ்டஸும் புற்றுநோய் தரக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நீல அஸ்பெஸ்டஸ் இலங்கையில் 1987 இல் தடைசெய்யப்பட்டது. கூரைச் சீற்றுக்குப் பயன்படும் வெள்ளை அஸ்பெஸ்டஸையும் 2018 இலிருந்து நிறுத்தப்போவதாக அரசு அறிவித்திருந்தது. 2017 டிசெம்பரில் ரஷ்யா, தேயிலைப் பொதியில் வண்டு கண்டதாகச் சொல்லி இலங்கைத் தேயிலையை நிறுத்தியது. அஸ்பெஸ்டஸ் பெருமளவில் வருவதும் ரஷ்யாவிலிருந்துதான். சில நாட்களுக்குள் இங்கே தடை கைவிடப்பட்டது, தேயிலை மறுபடி போயிற்று. எங்கோ நடந்த வியாபாரத்தின் முடிவு அன்புவழிபுரத்தில் ஒரு கிழவியின் தலைக்கு மேலே கிடக்கிறது.

சீற் உடையாமல் கிடக்கும்வரை ஆபத்துக் குறைவு. அதை வெட்டும்போதும் துளைக்கும்போதும் கம்பித் தூரிகையால் பாசி தேய்க்கும்போதும் எழும் தூசிதான் நெஞ்சுக்குள் போய்ப் பல வருடம் கழித்து வேலை செய்யும். விறாந்தையை அறையாக்கும் அந்த ஒரு கிழமையில்தான் சீற் அதிகமாக வெட்டுப்படுகிறது. சுவருக்குப் பொருந்த ஓரம் அரிகிறார்கள், மின்விசிறிக்குத் துளை போடுகிறார்கள். வேலை செய்யும் பொடியன் முகத்தில் ஒரு துணிகூடக் கட்டுவதில்லை. வெட்டத்தான் வேண்டும் என்றால் நனைத்துவிட்டு, வெளியில் வைத்து, கைவாளால் மெதுவாக வெட்ட வேண்டும். துண்டுகளைக் கோடிக்குள் எறியாமல் கட்டி ஒதுக்க வேண்டும். உள்ளே சீலிங் அடித்துவிட்டால் சூடும் குறையும், தூசியும் படுக்கையில் விழாது. காசு இருந்தால் சீற்றை எடுத்துவிட்டு ஓடு போடுவதே நல்லது. சுவருக்குப் பூசும் நிறத்தில் மிச்சம் பிடித்தாவது இதைச் செய்யலாம்.

அடைப்பதால் நன்மையும் உண்டு என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. புயல் நாளில் முதலில் போவது திறந்த விறாந்தைக் கூரைதான். காற்று கீழால் புகுந்து மேலே தூக்கும். 2020 டிசெம்பர் 2 ஆம் திகதி இரவு புரேவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரை தொட்டபோது, ஊரில் எத்தனையோ பேர் விறாந்தைச் சீற்றையே நினைத்துக்கொண்டு முழித்திருந்தார்கள். சுவர் ஒழுங்காக எழும்பி, கூரை மரம் அந்தச் சுவரோடு இறுக்கிக் கட்டப்பட்டிருந்தால் அந்தத் தூக்கு விசை பெரிதும் குறையும். பாதி அடைத்துப் பாதி விட்ட விறாந்தைதான் எல்லாவற்றிலும் மோசம். காற்று உள்ளே வர வழி இருக்கும், வெளியே போக வழி இருக்காது. 2022 இல் எங்கள் ஒழுங்கைகளில் அப்படிப் பாதியில் நின்ற விறாந்தைகள் நிறைய. முந்திய வருடம் ஆயிரம் ரூபாய் அளவில் இருந்த சீமெந்துப் பை மூவாயிரத்தை எட்டிப் பிடித்தபோது, குந்துக்கு மேலே மூன்று வரிக் கல்லோடு வேலை நின்றுபோயிற்று. மிச்சத்துக்கு மறுபடியும் படங்கு.

நெருக்கமாக வாழும் ஊர்களில் எல்லாம் இது நடக்கிறது. மும்பையில் பால்கனியை அடைத்து அறையோடு சேர்க்காத குடும்பங்களைத் தேடத்தான் வேண்டும். டெல் அவிவ் நகரின் பெயர்பெற்ற வெள்ளைக் கட்டிடங்களில்கூடக் காற்றுக்காக வைத்த பால்கனிகளைக் குடியிருந்தவர்கள் தட்டிகளால் மூடி அறையாக்கிக்கொண்டார்கள். வடிவமைத்தவர்கள் வருந்தியிருப்பார்கள். ஆனால் இத்தனை நாட்டில் இத்தனை பேர் ஒரே காரியத்தைச் செய்கிறார்கள் என்றால், அதைக் குடியிருப்பவர்களின் ரசனைக்குறைவு என்று தள்ள முடியாது. வீடு கொடுத்தவர்கள் கணக்கில் எடுக்காத ஒரு மனிதர் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறார் என்றுதான் அர்த்தம்.

அதனால்தான் இந்த விசயத்தைக் குடும்பங்களிடம் மட்டும் சொல்லி நிறுத்தக்கூடாது என்று நினைக்கிறேன். குடும்பங்களிடம் சொல்ல வேண்டியது எளிது. நூல் பிடிக்கும் நாளில், அங்கே படுக்கப் போகிறவரை அந்த நூலுக்குள் ஒரு கதிரை போட்டு இருத்துங்கள். அவர் காட்டும் பக்கம் யன்னலைத் திறவுங்கள். ஹோலுக்குப் போகும் வெளிச்சத்தை வேறு வழியால் திருப்பிக் கொடுங்கள். ஒழுங்கைப் பக்கத்துக்கு ஒரு தனிக் கதவு வையுங்கள். அவரைப் பார்க்க வருகிறவர் மகளின் ஹோலைக் கடந்து, மருமகனின் முகத்தைப் பார்த்து அனுமதி வாங்கி வரவேண்டியதாக இருக்கக்கூடாது. விறாந்தை முன்பு எல்லோருக்கும் கொடுத்த அந்த உரிமையை அடைத்த அறையிலும் காப்பாற்ற ஒரு கதவு போதும். அந்தக் கதவுக்கு வெளியே தாழ்வாரத்தை இரண்டடி நீட்டி, கீழே ஒரு குந்தும் கட்டிவிட்டால் வந்தவர் இருக்க இடமும் ஆகிவிடும்.

வீடமைப்புத் திட்டங்களை வரைகிறவர்களிடம் சொல்ல வேண்டியது வேறு. எங்கள் பகுதியில் விறாந்தை என்றைக்கும் விறாந்தையாகவே இருக்கப்போவதில்லை. பத்து வருடத்தில் அது அறையாகும் என்பது இங்கே உள்ள ஒவ்வொரு மேசனுக்கும் தெரியும். வரைபடத்துக்கு மட்டும் தெரியாது. தெரிந்துகொண்டு வரைவதற்குப் பெருஞ்செலவு இல்லை. விறாந்தையைச் சுற்றியும் முழு அத்திவாரம் போடுங்கள். தரையை வீட்டோடு ஒரே மட்டத்தில் கொண்டுவாருங்கள். கூரையின் இறக்கத்தை ஓரடி உயர்த்துங்கள். ஹோலுக்கு விறாந்தைப் பக்கமில்லாத இன்னொரு சுவரிலும் யன்னல் கொடுங்கள். மலகூடத்துக்கு விறாந்தையிலிருந்து படியில்லாமல் போகிற வழி ஒன்றை விட்டுவையுங்கள். 550 சதுர அடிக்குள் மூன்று தலைமுறை வாழப்போகிறது என்று ஒத்துக்கொண்டு தொடங்கினால் இவ்வளவும் முதல்நாளிலேயே முடியும். பிறகு அடைப்பது குடும்பத்தின் வேலை. அதற்கு மூன்று சுவரும் ஒரு மேசனும் போதும்.

வீட்டை மகளுக்கு எழுதிக் கொடுத்தவர் தனக்கென்று எதையும் மிச்சம் வைக்கவில்லை. அவர் கடைசியாகப் போய்ச் சேரும் எண்பது, தொண்ணூறு சதுர அடி, வீட்டிலேயே மிக நன்றாகக் கட்டப்பட்ட இடமாக இருக்க வேண்டும். அங்கேதான் நல்ல காற்று வரவேண்டும், அங்கேதான் பதிவான யன்னல் இருக்க வேண்டும். மிஞ்சிய சீற்றும் மிஞ்சிய கல்லும் கொண்டு அதைக் கட்டி முடிக்கிற வழக்கத்தை நாங்கள் விடவேண்டும்.